பன்னிரண்டு முறை பேசியதாக எழுதினோம்

ஏலேய்,

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம்தான். இங்கிலீஷில் எழுதினால் மேலிருந்து கீழே ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, ‘ஓகே மா, பார்க்கிறேன்’ என்று மெஸேஜ் அனுப்பிவிடுவாய். தமிழ் என்றால் நீ எழுத்துக் கூட்டியாக வேண்டும். டெல்லி மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்ததோடு உன் தமிழ்ப் படிப்பு முடிந்தது. ஒவ்வொரு வரியிலும் நின்று நின்றுதான் உன்னால் வர முடியும். நிற்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உறையை ஒட்டவும் இல்லை. யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். உன் டிபார்ட்மென்ட்டில் தமிழ் தெரிந்தவர் யாராவது இருந்தால் மற்றவர்களுக்கும் வாசித்துச் சொல்லட்டும். எனக்கு வந்திருக்கிற கோபம் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிற கோபம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு மயூர் விஹார் வீட்டுக்கு வந்தாய். அழுக்குத்துணி கொண்டுவந்திருக்கிறாய் என்று நினைத்து வாளியில் தண்ணீர் பிடித்தேன். நீ சாப்பாட்டு மேஜையில் எட்டு லாக் புக்கை வரிசையாக அடுக்கினாய். மனநல மருத்துவத்தில் எம்.டி. படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படி ஒரு புத்தகம். எந்த நோயாளியைப் பார்த்தான், யாரோடு உட்கார்ந்து பேச்சு சிகிச்சை செய்தான், அதை எந்த ஆசிரியர் கூட இருந்து பார்த்தார், என்ன திருத்தினார் என்று மூன்று வருடமும் எழுதிவைக்க வேண்டிய புத்தகம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘என் மேற்பார்வையில் நடந்தது’ என்று அச்சடித்து, ஆசிரியர் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கும். நீ அவர்களுக்கு ஆசிரியர். இட்லியை இடது கையால் பிட்டுத் தின்றுகொண்டு, வலது கையால் அந்தக் கோட்டின் மேலெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனாய். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு பக்கத்தையாவது நீ படித்ததை நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நீலப் பேனாவை வைத்துவிட்டுக் கறுப்பை எடுத்தாய். அப்புறம் இன்னொரு நீலம், கொஞ்சம் வெளிறிய நீலம். அதைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. பேனா மாற்றுகிற அந்த வித்தையை உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.

“என்னல இது?” என்று கேட்டேன்.

“அடுத்த மாசம் இன்ஸ்பெக்ஷன் மா. புக் எல்லாம் அப்-டு-டேட்டா இருக்கணும். சரியா இருந்தா சீட்டை டபுள் பண்ணுவாங்க. எட்டு பேர் பதினாறு ஆவாங்க. அச்சா தானே? நீதானே எப்பப் பாத்தாலும் டாக்டர் பத்தல, டாக்டர் பத்தலன்னு சொல்லுவ?”

“இதுல ஒண்ணுலயாவது நீ கூட இருந்தியால?”

“மா, ஓ.பி.டி.ல ஒரு நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்கன்னு உனக்குத் தெரியாதா? கூட உக்கார யாருக்கு டைம் இருக்கு? எல்லா இடத்துலயும் இப்படித்தான். நீ டென்ஷன் ஆகாத.”

நான் டென்ஷன் ஆகக்கூடாதாம். நீ இப்போது வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரி வார்டில் முப்பத்தொரு வருடம் சிஸ்டராக நின்று கால் நரம்பு சுருண்டு போனவள் நான். உன் ஓ.பி.டி.யைப் பற்றி எனக்கு நீ சொல்லித் தருகிறாய்! சரி, நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேள்.

வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வருவார்கள். எம்.பி.பி.எஸ்.ஸில் மனநோய் வார்டை இரண்டு வாரம் எட்டிப்பார்த்ததோடு சரி. அதிலும் பாதி நாள் கேன்டீனில் இருந்திருப்பார்கள். வந்த மறுநாளே வார்டைக் கையில் கொடுத்துவிட்டு சீனியர்கள் போய்விடுவார்கள். ஒருத்தன் கத்துவான், ஒருத்தி சுவரில் முட்டிக்கொள்வாள், இந்தப் பிள்ளை கேஸ் ஷீட்டை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்து நிற்கும். “சிஸ்டர் ஜி, கித்னா லிக்கூம்?” எவ்வளவு எழுதட்டும் என்று என்னிடம் கேட்கும். நான் குரலைத் தாழ்த்தி மருந்தின் அளவைச் சொல்வேன். அது எழுதும். மறுநாள் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் ஷீட்டைப் பார்த்து ‘குட்’ என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். சிஸ்டர் இருந்தால் போதும், புத்தகமே வேண்டாம் என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் பெருமையில் மிதந்திருக்கிறேன். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இப்போதுதான் விளங்குகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை என்பது வெளியே தெரியாதபடி மூடிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு நாள், ‘எனக்குத் தெரியாது, உங்க சாரைக் கூப்பிடுங்க’ என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால், யாராவது ஒரு சார் தன் அறையிலிருந்து எழுந்து வந்திருக்க வேண்டியிருக்கும். நான் நிற்கவில்லை.

ஆபரேஷன் தியேட்டரில் இப்படி விடுவார்களா? படிக்கிற பிள்ளை கத்தியைப் பிடித்தால் பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்பார், கையைப் பிடித்துத் திருப்பிவிடுவார், தப்பாக வெட்டினால் அங்கேயே திட்டுவார். நம்முடைய வார்டில் ரத்தம் தெரிவதில்லை. அதனால் என்ன வேண்டுமானாலும் வெட்டலாம், யாரும் பார்க்க வேண்டாம். மருந்துச் சீட்டு எழுத நான்கு நிமிடம் போதும், அதைச் சிஸ்டரே சொல்லிக்கொடுத்துவிடுவாள். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியின் எதிரே உட்கார்ந்து என்ன கேட்பது, எப்போது சும்மா இருப்பது, அவள் அழுதால் நீ என்ன செய்வது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. அந்தப் பெண் ரிச்சா கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை நாம் போட்ட சண்டையில், அதற்குள் கையெழுத்துப் போட்டிருந்த மூன்று புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி ஐந்தை மேஜையிலேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாயே, அந்த ஐந்தில் ஒன்று அவளுடையது. உன்னிடம் இரண்டாம் வருடம் படிக்கிறவள். திங்கட்கிழமை சாயங்காலம் புத்தகம் கேட்டு வந்தாள். உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். இந்தியில்தான் பேசினோம், உனக்குத் தமிழில் சொல்கிறேன். “ஆன்ட்டி, இதுல மேற்பார்வையோட நாப்பது செஷன்னு எழுதியிருக்கேன். எல்லாம் ஹாஸ்டல்ல உக்காந்து எழுதினது. ரெண்டு வருஷத்துல நான் ஒரு பேஷண்ட்கிட்ட பேசுறதை ஒரு சார்கூட பக்கத்துல இருந்து பாத்ததில்லை. நான் பண்றது சரியா தப்பான்னு எனக்கே தெரியாது” என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் முதுகைத் தடவி அனுப்பிவைத்திருப்பேன். காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிவைத்துவிட்டு வந்து கேட்டாள்: “சார் எப்படி ஆன்ட்டி கத்துக்கிட்டார்?”

 நீ எப்படிக் கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அதைத்தான் இப்போது எழுதப்போகிறேன். நிறுத்தாமல் படி.

அப்போது நாம் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். உன் எம்.டி. கடைசி வருடம். லாக் புக் முழுசாக இல்லாவிட்டால் பரீட்சைக்கு ஃபாரம் வாங்கமாட்டேன் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். உன் புத்தகத்தில் பாதிக்கு மேல் வெறும் பக்கம். முகம் வெளுத்து வந்து நின்றாய். பெற்ற வயிறு என்ன செய்யும்? சனிக்கிழமை டூட்டி முடிந்து வரும்போது வார்டின் பழைய ரெஜிஸ்டரை டிபன் பைக்குள் வைத்து, மேலே டிபன் கேரியரை வைத்து மூடி எடுத்துவந்தேன். ரெஜிஸ்டரை வார்டைவிட்டு வெளியே கொண்டுபோனால் சஸ்பெண்ட். நோயாளிகளின் பெயரும் கதையும் அதில் இருக்கின்றன. தெரிந்தே செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க நீ, நான், அப்பா மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் பெயரை வாசித்தேன், நீ எழுதினாய். ஒரே பேனாவில் எழுதினால் ஒரே நாளில் எழுதியது தெரிந்துவிடும் என்று நாலு பேனா எடுத்துக் கொடுத்தேன். நடுநடுவே ஒரு பக்கத்தில் டீ டம்ளரை வைத்து வட்டம் பதியவைத்தேன். உன் அப்பாவோ என்னைவிட ஒரு படி மேலே போனார். ஆயுசு முழுக்க ஆடிட் ஆபீஸில் குப்பை கொட்டியவர் அல்லவா! அரசாங்க விடுமுறைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியையும் சரிபார்த்தார். “ஏ, இது ஈத்லா? அன்னைக்கு எந்த டாக்டர் வந்து பேசுவான்? மாத்து. இது செகண்ட் சாட்டர்டே, இதையும் மாத்து.” நாம் சிரித்தோம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. தீபாவளியன்று ஒரு செஷன் விழுந்துவிடக்கூடாது என்று அவ்வளவு கவனம். அந்தச் செஷன் நடக்கவே இல்லை என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. மூன்று பேரும் அரசாங்கச் சம்பளத்தில் சோறு தின்றவர்கள். காகிதம் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நமக்கு ஊறிப்போயிருந்தது.

அந்த ரெஜிஸ்டரில் ஒரு பெயர் வந்தது. செல்வி என்று வைத்துக்கொள். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன், யாரென்று உனக்குத் தெரியும். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து புருஷனோடு கட்டட வேலைக்கு வந்தவள். யமுனைக் கரையில் ஜுக்கி என்கிற குடிசைச் சேரியில் வீடு. பிறந்த பிள்ளை பதினோராம் நாள் செத்துப்போனது. அதிலிருந்து தூக்கமில்லை, சாப்பாடில்லை, துணியைச் சுருட்டி மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே இருந்தாள். அட்மிட் பண்ணினார்கள். அந்த வார்டில் தமிழ் தெரிந்த டாக்டர் நீ ஒருத்தன்தான். ஒரே ஒரு நாள் போய் அவள் எதிரே ஏழு நிமிடம் உட்கார்ந்தாய். நான் ஊசி அறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து என்னிடம், “மா, அவகிட்ட என்ன கேக்கணும்னே தெரியல. அழ ஆரம்பிச்சுட்டா. நான் ஏதாவது தப்பா பேசிட்டா?” என்றாய். உண்மையைச் சொல்கிறேன், நீ டாக்டர் மாதிரிப் பேசியதை நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். தெரியாது என்று சொன்னாய். யாராவது சொல்லித்தர மாட்டார்களா என்று நின்றாய். சொல்லித்தர வேண்டியவர் மாடியில் கான்ஃபரன்ஸில் இருந்தார். நான் என்ன சொன்னேன்? “அது போதும்ல. தூக்கத்தையும் சாப்பாட்டையும் கேட்டு எழுதிரு. மீதியை மாத்திரை பாத்துக்கிடும்” என்றேன். நீ நிம்மதியாகப் போய்விட்டாய். அந்த நிம்மதியைக் கொடுத்த பாவி நான்.

அவளை ‘தேறிவிட்டாள்’ என்று அனுப்பிவிட்டார்கள். நம் மேஜையில் அவள் பெயர் வந்ததும் நான்தான் சொன்னேன், “இவ தமிழ்ல, நீ பேசினேன்னா எல்லாரும் நம்புவாவ” என்று. பன்னிரண்டு முறை பேச்சு சிகிச்சை என்று எழுதினாய். அப்பா விடவில்லை. “புக்ல ஒண்ணு, கேஸ் ஷீட்ல ஒண்ணுன்னு இருந்தா டேலி ஆவாது. எவனாவது எடுத்துப் பாத்தாம்னா மாட்டிக்கிடுவ” என்றார். திங்கட்கிழமை டூட்டிக்குப் போனதும் ரெக்கார்ட் ரூமில் அவள் கேஸ் ஷீட்டை எடுத்து, காலியாக இருந்த ஒரு இடத்தில் என் கையாலேயே ஒரு வரி எழுதினேன். ‘பன்னிரண்டு முறை பேச்சு சிகிச்சை தரப்பட்டது. பெரிய பலன் இல்லை.’ பலன் இருந்தது என்று எழுதினால் எப்படிப் பேசினாய் என்று யாராவது கேட்பார்கள் என்ற பயம். கீழே நீ கையெழுத்துப் போட்டாய். புத்தகமும் ஷீட்டும் டேலி ஆனது. நீ பரீட்சை எழுதினாய், பாஸ் பண்ணினாய், வீட்டுக்குக் கால் கிலோ ரசகுல்லா வாங்கி வந்தாய்.

எட்டு மாதம் கழித்துப் புருஷன்காரன் அவளை மறுபடி கூட்டிவந்தான். கையைத் துணியால் கட்டி ஆட்டோவில் கொண்டுவந்திருந்தான். நீ அப்போது வேறு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போயிருந்தாய், இங்கே ஆசிரியராகத் திரும்பி வந்தது பிறகுதான். டூட்டியில் இருந்தவன் ஒரு புதுப் பையன், நல்ல பையன். பழைய ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பொறுமையாகப் படித்தான். படித்துவிட்டு என்னிடம் சொன்னான்: “பேசிப் பார்த்தாச்சு போல சிஸ்டர். பலன் இல்லைன்னு எழுதியிருக்கு.” மருந்தைக் கூட்டினான். மேலே கேட்டார்கள், அவர்களிடமும் அதையே சொன்னான். புருஷன் நாலு வாரம் வந்தான், அப்புறம் வரவில்லை. பேச்சு சிகிச்சையும் பலன் தரவில்லை, வீட்டாரும் இல்லை என்று பின்கட்டில் இருக்கிற நெடுநாள் வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பையன் படித்தது நான் எழுதிய வரி. ‘டாக்டர், அது பொய், இவளிடம் யாரும் பேசவே இல்லை, இனிமேல்தான் பேசவேண்டும்’ என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும். சொன்னால் என் வேலை போகும், உன் டிகிரி போகும். டிரேயைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

இன்றைக்கும் அவள் அங்கேதான் இருக்கிறாள். ரிட்டயர் ஆகும்வரை வாரத்துக்கு இரண்டு நாள் எனக்கு அந்த வார்டில் டூட்டி. மாத்திரையை நீட்டுவேன், வாங்கிக்கொள்வாள். முகத்தைப் பார்க்கமாட்டேன். ‘பேசுவதில்லை’ என்று மாதா மாதம் ஷீட்டில் எழுதிக்கொண்டே வந்தோம்.

இதற்கு மேலும் உனக்கு அந்தக் கோட்டின் மேல் கையெழுத்துப் போட எப்படியடா கை வருகிறது? சீட்டைக் கூட்டுவார்களாம்! எட்டைப் பதினாறாக்கி என்ன செய்யப்போகிறாய்? ஒன்றும் தெரியாத பதினாறு பேரை அனுப்பி, பதினாறு ஊரில் செல்விகளை உண்டாக்கப்போகிறாயா? இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்கள் கட்டிலை எண்ணுவார்கள், நாற்காலியை எண்ணுவார்கள், புத்தகத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று புரட்டுவார்கள். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, ‘வா, இந்த நோயாளியிடம் பேசு, நான் பார்க்கிறேன்’ என்று ஒருத்தர் சொல்வாரா? சொல்லமாட்டார். சொன்னால் அவர் ஆஸ்பத்திரியிலும் அதைச் செய்யவேண்டி வரும்.

என்னைக் கேட்டால் பெரிய கமிட்டி எதுவும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒரு ஆசிரியர் அதே அறையில் பின்னால் நாற்காலி போட்டு உட்காரட்டும். உட்கார முடியாத வாரத்தில் பக்கத்தை வெறுமையாக விடட்டும். வெறும் பக்கத்துக்குப் பிள்ளையைத் தண்டிக்காமல் ஆசிரியரைக் கேள்வி கேட்கட்டும். வார்டு சிஸ்டர்களைக் கேளுங்கள், யார் நோயாளி முகத்தைப் பார்த்துப் பேசுகிறான், யார் கதவைப் பார்த்துப் பேசுகிறான் என்று நாங்கள் சொல்வோம். ஆஸ்பத்திரிச் சுவருக்குள்ளேயே மூன்று வருடத்தை ஓட்டாமல் அந்த ஜுக்கிகளுக்குப் போய் உட்காரட்டும், நோயாளி எங்கே திரும்பிப் போகிறாள் என்று தெரியும். அவள் பாஷை தெரிந்த ஒரு ஆளைக் கூட வைத்துக்கொள்ளட்டும், கூட்டித்துடைக்க வந்தவளைக் கூப்பிட்டு ‘இவ என்ன சொல்றா’ என்று கேட்கிற கூத்து வேண்டாம். இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை கத்தினேன். இதையெல்லாம் இன்ஸ்பெக்ஷனில் நீயே எழுந்து சொல், இந்தப் புத்தகமெல்லாம் பொய் என்று சொல் என்றேன். அதற்கு நீ சொன்ன பதில் இருக்கிறதே, அதுதான் என்னை நாலு நாளாகத் தூங்கவிடவில்லை.

“மா, நான் வாயத் தொறந்தா நீ படிச்சப்ப எழுதின லாக் புக் எங்கன்னு என் பழைய ஃபைலை எடுப்பாங்க. ரெஜிஸ்டர் மேட்டர் வெளிய வரும். உன் பென்ஷன் நிக்கும், கேஸ் ஆகும். இந்த வயசுல உனக்கு அது தேவையா? உனக்காகத்தான் நான் சும்மா இருக்கேன்.”

எனக்காக! சவத்து மூதி, எனக்காகவா? நான் செய்த பாவத்தை எடுத்து உனக்கு மறைப்பாக நிறுத்திக்கொண்டு, அதற்குப் பாசம் என்று பெயர் வேறு வைக்கிறாயா? உன்னைப் பெரிய மனுஷனாக்க நான் பொய் எழுதினேன். நீ இன்னும் எட்டுப் பேருக்குப் பொய்யைக் கற்றுக்கொடுப்பதற்கு என் தலையைக் காரணம் காட்டுகிறாய். அந்தக் காரணம் இனி உனக்குக் கிடைக்காது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேற்று, புதன்கிழமை, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்காணிப்பாளர் அலுவலகத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ரெஜிஸ்டரை வீட்டுக்குக் கொண்டுபோனது நான், அந்தக் கேஸ் ஷீட்டில் அந்த வரியை எழுதியது நான், அது முழுப் பொய், அதனால் ஒருத்தியின் சிகிச்சை கெட்டது, என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று. தபால் வாங்குகிற கிளார்க் படித்துப்பார்க்காமலே, “மேடம் ஜி, பென்ஷன் மேட்டரா? மூணாம் நம்பர் ஜன்னல்” என்றான். “இல்லை பையா, முதல்ல படி” என்றேன். படித்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தான். முத்திரை குத்தி நம்பர் போட்டு நகலைக் கையில் கொடுத்தான். அந்த நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஷீட்டின் கீழே இருக்கிற உன் கையெழுத்தைப் பற்றி அதில் நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ.

பிறகு நெடுநாள் வார்டுக்குப் போனேன். ரிச்சாவை வரச்சொல்லியிருந்தேன். வார்டு இன்சார்ஜிடம் அனுமதி கேட்டு, செல்வியின் ஷீட்டை அவள்தான் எடுத்தாள். நான் எழுதிக் கொடுத்ததைக் காட்டினேன். அவள் இரண்டு முறை படித்தாள். பின்பு நேற்றைய தேதியைப் போட்டு, முந்தைய பதிவு உண்மையல்ல என்று அப்போதைய சிஸ்டர் எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறார், இந்த நோயாளியிடம் இதுவரை யாரும் பேசவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உன் மாணவி. அவளுக்குப் பயமில்லாமல் இல்லை.

செல்வி ஜன்னல் பக்கக் கட்டிலில் இருந்தாள். தலை நரைத்துவிட்டது, உன் வயசுதான் அவளுக்கு. நான் போய் கட்டிலோரத்தில் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. “செல்வி, என்னைத் தெரியுதா?” என்றேன். எட்டு வருடமாகப் பேசுவதில்லை என்று நாங்கள் எழுதி வந்த செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீ ரிட்டேர்டு ஆயிட்டன்னாங்களே” என்றாள். குரல் கம்மியிருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. “ஒம் புள்ள டாக்டரு, நாளைக்கி வந்து பேசறேன்னு சொல்லிட்டுப் போச்சு. வரவே இல்லியே.”

அன்றைக்கு ஏழு நிமிடம் முடிந்து எழுந்தபோது அவளிடம் அப்படிச் சொல்லிவிட்டு வந்தாயா? எனக்குத் தெரியாது. உனக்கே மறந்திருக்கும். அவளுக்கு மறக்கவில்லை.  வாசலில் நின்ற ரிச்சா, “என்ன சொன்னாங்க ஆன்ட்டி?” என்று கேட்டாள். சொன்னேன். அப்போதுதான் அந்தப் பெண் அழுதாள்.

அதனால் கேட்டுக்கொள். வருகிற புதன்கிழமை காலை பத்தரை மணி, அதே வார்டு, அதே ஜன்னல். மூன்று நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். ஒன்று செல்விக்கு, ஒன்று உனக்கு. பின்னால் இருப்பது ரிச்சாவுக்கு. நீ பேசு, அவள் பார்க்கட்டும். என்ன கேட்பதென்று தெரியாவிட்டால் ரிச்சாவுக்கு முன்னாலேயே தெரியவில்லை என்று சொல், தெரிந்த ஒருவரைப் போய்க் கூட்டிக்கொண்டு வா. அதைப் பார்த்தால் போதும், மூன்று வருடத்தில் அவள் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதியைக் கற்றுக்கொள்வாள். முடிந்ததும் அவள் லாக் புக்கில் அன்றைய தேதியைப் போட்டு ஒரு செஷன் என்று எழுதி, கோட்டின் மேல் கையெழுத்துப் போடு. பொய் எழுதின பக்கங்களை அவளே கோடு போட்டு அடித்துவிட்டாள். மற்ற நாலு பிள்ளைகளையும் கூப்பிட்டு அவரவர் புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன். நீ மேஜையில் விட்டுப்போன அந்த மூன்று பேனாவையும் குப்பையில் போட்டேன்.

இன்ஸ்பெக்ஷனில் என்ன சொல்வது என்று அந்த நாற்காலியிலிருந்து எழுந்த பிறகு யோசித்துக்கொள். நான் வார்டு வாசலில் நிற்பேன், உள்ளே வரமாட்டேன், எதையும் சொல்லித்தரவும் மாட்டேன். வரும்போது ஒரே ஒரு பேனா கொண்டு வா.

அம்மா